கொசு சுமந்து வரும் புழு: யானைக்கால் நோயும் வீட்டு நாயின் இதயப்புழுவும்

சென்ற மழைக்காலத்தில் நம் புறநோயாளர் பிரிவுக்கு எழுபது வயதை நெருங்கிய ஓர் அம்மையார் தம் மகளுடன் வந்தார். புடவையின் விளிம்பு தரையைத் துடைக்கும்படி தாழ்த்திக் கட்டியிருந்தார். இடக்கால் முழங்காலுக்குக் கீழே தூண்போலப் பருத்திருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் காலைப் புடவைக்குள் மறைத்தே வாழ்ந்தவர். மூன்று நாட்களாகக் கடும் குளிர்காய்ச்சல். கால் சிவந்து தொடமுடியாத வலி. தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது. இவ்வாறு ஆண்டுக்கு நான்கைந்து முறை வருவதுண்டு என்றார்.

சிகிச்சை தொடங்கிய பின் மகள் தயங்கித் தயங்கி இரண்டு கேள்விகள் கேட்டார். வீட்டில் வளரும் நாயின் இரத்தத்தில் புழு இருப்பதாகக் கால்நடை மருத்துவர் சென்ற மாதம் கூறியிருக்கிறார். அந்த நாயிடமிருந்துதான் அம்மாவுக்கு இது வந்ததா என்பது முதல் கேள்வி. தம் மூன்று வயதுக் குழந்தையைப் பாட்டியின் மடியில் விடலாமா என்பது இரண்டாவது கேள்வி. அம்மையார் அப்போது சுவர்ப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். பேத்தியைத் தூக்கிப் பல மாதங்கள் ஆகிவிட்டன என்பது பின்னர்தான் தெரிந்தது.

நாயிடமிருந்து வரவில்லை, குழந்தையைத் தாராளமாக மடியில் விடலாம். இவையே அவருக்கு நாங்கள் சொன்ன விடைகள். ஆனால் ‘இல்லை’ என்று மட்டும் சொன்னால் அச்சம் நீங்குவதில்லை. புழு எவ்வழியாக வருகிறது, எவ்வழியாக வராது என்பது விளங்கினால்தான் மனம் தெளியும். ஆகவே அன்று அவர்களுக்கு விளக்கியதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறோம். நோயாளரின் அடையாளம் தெரியாதவாறு சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

புழுவின் பாதை

நம் நாட்டில் யானைக்கால் நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது வுச்சரேரியா பான்கிராஃப்டி என்னும் நூல்போன்ற புழு. முதிர்ந்த பெண்புழு எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஆண்புழு அதில் பாதியளவே. இவை குடலில் வாழ்பவை அல்ல. நம் உடலில் இரத்த நாளங்களுக்கு இணையாக நிணநீர் நாளங்கள் என்றொரு மெல்லிய குழாய்வலை ஓடுகிறது. திசுக்களில் கசியும் நீரைத் திரட்டி மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பதும், கிருமிகளை எதிர்த்து நிற்பதும் அவ்வலையின் பணி. இப்புழுக்கள் குடியிருப்பது அந்த நாளங்களில்தான். அங்கே அவை ஆறு முதல் எட்டு ஆண்டுகள்வரை உயிரோடிருந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈன்று இரத்தத்தில் விடுகின்றன.

இந்நுண்புழு கண்ணுக்குப் புலப்படாது. ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய கால்பங்கே இருக்கும். மனித உடலுக்குள்ளேயே அது வளர்ந்து பெரிய புழுவாக முடியாது. கொசு அந்த இரத்தத்தை உறிஞ்சினால்தான் அதற்கு வாழ்வு. கொசுவின் உடலில் இரண்டு முறை சட்டை உரித்து, ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்களில் அது தொற்றக்கூடிய இளம்புழுவாகிக் கொசுவின் உறிஞ்சுகுழலுக்கு வந்து சேர்கிறது. அடுத்த முறை அக்கொசு கடிக்கும்போது, இளம்புழு தோலின் மேல் இறங்கி, கடிவாயின் வழியே உள்ளே நுழைகிறது. நிணநீர் நாளத்தை அடைந்து முதிர்ந்து, குட்டி ஈனத் தொடங்க ஏறக்குறைய ஓராண்டு ஆகலாம்.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒரு மனிதரின் இரத்தத்திலுள்ள நுண்புழு, கொசுவைத் தவிர்த்து வேறெவ்வகையிலும் இன்னொருவரின் உடலில் வளர முடியாது. தொடுதல், ஒரே தட்டில் உண்ணுதல், ஒரே பாயில் உறங்குதல், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துதல், பாட்டியின் மடியில் அமர்தல் ஆகிய எவற்றாலும் இந்நோய் பரவாது. இது பாரம்பரிய நோயும் அன்று. ஒரே குடும்பத்தில் இருவருக்கு வருகிறதென்றால், இருவரும் ஒரே வீட்டின் கொசுக்களால் கடிபட்டவர்கள் என்பதே காரணம்.

இரண்டாவது செய்தி, மலேரியாக் கிருமியைப்போல இப்புழு கொசுவின் உடலில் பெருகுவதில்லை என்பது. ஒரு நுண்புழு உள்ளே சென்றால் மிஞ்சிப்போனால் ஓர் இளம்புழுதான் வெளிவரும். ஆணும் பெண்ணும் ஒரே உடலில் வந்து சேர்ந்தால்தான் இனப்பெருக்கம் நிகழும். எனவே ஓரிரு கடிகளால் யானைக்கால் வந்துவிடுவதில்லை. நோயுள்ள பகுதியில் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடிபட்டோருக்கே பெரும்பாலும் வருகிறது. ஒரு வாரம் உறவினர் ஊருக்குச் சென்று திரும்பியவர்கள் பீதியடைந்து வந்து நிற்பதைக் காண்கிறோம். அவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

இரவில் மட்டும் வெளிவரும் விருந்தாளி

இந்நுண்புழுவின் வியப்பூட்டும் இயல்பு அதன் நேரம் தவறாமை. பகலில் நுரையீரலின் நுண்ணிய இரத்தக்குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தோலுக்கு அருகிலுள்ள இரத்தத்தில் திரளாக உலவத் தொடங்கும். நம் ஊர்களில் இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு கடிப்பதும் அந்த வேளையில்தான்.

இதை முதலில் கண்டறிந்தவர் பேட்ரிக் மேன்சன் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றியபோது, 1877-ஆம் ஆண்டு, இரத்தத்தில் நுண்புழு இருந்த தம் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கும்படி உறங்கவைத்து, மறுநாள் அக்கொசுக்களை அறுத்துப் பார்த்தார். புழுக்கள் உள்ளே உயிரோடு வளர்வதைக் கண்டார். பூச்சியொன்று மனித நோயைச் சுமக்கக்கூடும் என்பதற்குக் கிடைத்த முதற்சான்று அது. மலேரியாவைப் பற்றிய ரொனால்ட் ராஸின் கண்டுபிடிப்புக்கும் அதுவே வழிகாட்டியது. ஆயினும் மேன்சன் ஓரிடத்தில் சறுக்கினார். கொசு நீரில் விழுந்து இறக்கும், அந்நீரைப் பருகுவோருக்கு நோய் வரும் என்று எண்ணினார். தண்ணீரால் யானைக்கால் வரும் என்று இன்றும் சில பெரியவர்கள் சொல்லக் கேட்கிறோம். குறிப்பிட்ட ஊர்த் தண்ணீரின் மேல் பழி சுமத்தும் வழக்கமும் நம்மிடையே நெடுங்காலம் இருந்தது. நோய்க்குக் காரணம் குடிநீர் அன்று. அந்த ஊரின் தேங்கிய கழிவுநீரில் பிறக்கும் கொசுவே. கடியின் வழியாகத்தான் புழு நுழைகிறது என்பது 1900-ஆம் ஆண்டு ஜார்ஜ் லோ, கொசுவின் உறிஞ்சுகுழலில் இளம்புழுவைக் கண்டபோது தெளிவாயிற்று. அதே ஆண்டு இத்தாலியில் கிராசி, நோயே ஆகிய இருவரும் நாயின் இதயப்புழுவும் கொசுக்கடியால்தான் பரவுகிறது என்று காட்டினர். மனிதப் புழுவின் வரலாறும் நாய்ப் புழுவின் வரலாறும் அவ்வாறு அருகருகே நடந்து வந்திருக்கின்றன.

இரவு நேர இரத்தப் பரிசோதனை ஏன் என்று பலரும் எரிச்சலுடன் கேட்பதுண்டு. சுகாதாரப் பணியாளர் இரவு பத்து மணிக்கு மேல் வந்து கதவைத் தட்டுவது, புழு வெளிவரும் வேளை அது என்பதால்தான். பகலில் எடுத்த இரத்தத்தில் புழு தென்படாவிட்டால் நோய் இல்லை என்று பொருளாகாது. முதிர்ந்த புழு வெளிவிடும் பொருளைக் கண்டறியும் பரிசோதனைப் பட்டையும் இப்போது உண்டு. விரல்நுனி இரத்தத்தில் எந்நேரமும் அதைச் செய்யலாம்.

உடலுக்குள் நிகழ்வது

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. தொற்று பெரும்பாலும் சிறுவயதிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் தென்படாது. காய்ச்சலுமில்லை, வலியுமில்லை. ஆனால் உள்ளே நிணநீர் நாளங்கள் விரிந்து, அவற்றின் வால்வுகள் செயலிழந்துகொண்டிருக்கும். நிணநீர் மேலேறாமல் தேங்கும். முதலில் மாலையில் வீங்கி, காலையில் வடியும் கால். பின்னர் வடியாத கால். கடைசியில் தோல் தடித்து மடிந்து முடிச்சுகள் தோன்றிய கால் என்று நோய் படிப்படியாக முன்னேறுகிறது. முதல் படியில் வருவோருக்கு நாங்கள் செய்யக்கூடியது மிகுதி. கடைசிப் படியில் வருவோருக்குச் செய்யக்கூடியது குறைவு. ஆனால் எந்தப் படியிலும் அது ஒன்றுமில்லாமல் போவதில்லை.

ஆண்களுக்குக் காலைவிட விரைப்பையில்தான் பாதிப்பு அதிகம் காணப்படுகிறது. விரையைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும் இந்த வீக்கத்தை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு பத்து, பதினைந்து ஆண்டுகள் வெட்கத்தோடு வாழ்வோர் உண்டு. இதற்கு அறுவை சிகிச்சை உண்டு. பெரும்பாலோர் அதன் பின் வேலைக்கும் இயல்பான இல்லற வாழ்வுக்கும் திரும்பிவிடுகின்றனர். கணவரோ தந்தையோ இதைச் சொல்லத் தயங்குகிறார் என்று ஐயம் தோன்றினால், குடும்பத்தார் மெல்ல எடுத்துச் சொல்லி அழைத்துவருவது பேருதவி.

இன்னொரு தோற்றமும் உண்டு. சிலரின் உடல் இந்நுண்புழுக்களை மிகக் கடுமையாக எதிர்க்கும். அவர்களுக்குக் கால் வீங்காது. மாறாக நள்ளிரவில் இருமலும் இழுப்பும் வரும். இரத்தத்தில் இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அளவுமீறிப் பெருகியிருக்கும். ஆஸ்துமா என்று கருதி ஆண்டுக்கணக்கில் மருந்துண்டு பயனின்றி வருவோரில் சிலருக்கு, யானைக்கால் புழுவுக்கான மருந்தே குணமளிக்கிறது.

மாத்திரை யாருக்கு, எதற்கு?

டை எத்தில் கார்பமசின் என்பதன் சுருக்கமே டி.இ.சி. மாத்திரை. 1940-களின் பிற்பகுதியிலிருந்து பயனில் உள்ளது. இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை இது விரைவாக அழிக்கும். முதிர்ந்த புழுக்களில் ஒரு பகுதியையும் கொல்லும். இதனுடன் அல்பெண்டசோல் சேர்த்தும், சில மாவட்டங்களில் ஐவர்மெக்டின் என்னும் மூன்றாவது மருந்தையும் சேர்த்தும் வழங்குகின்றனர். ஐவர்மெக்டினுக்கு வழிகோலிய சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்பல் ஆகிய இருவரும் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர். அம்மருந்து முதலில் கால்நடைகளுக்காக வந்தது என்பது இக்கட்டுரையின் பொருளுக்குப் பொருத்தமான செய்தி.

நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் மாத்திரை வழங்குவார்கள். “எனக்குத்தான் நோயில்லையே, நான் ஏன் விழுங்கவேண்டும்?” என்ற வினா நியாயமானதே. அறிகுறி ஏதுமில்லாமல் இரத்தத்தில் நுண்புழு உள்ளவர்களே கொசுவுக்குப் புழுவை ஊட்டுகிறார்கள். அவர்கள் யார் என்று அவர்களுக்கே தெரியாது. ஓர் ஊரில் பெரும்பாலோர் சில ஆண்டுகள் தொடர்ந்து உண்டால், கொசுவுக்குக் கிடைக்கும் புழு குறைந்து பரவல் அற்றுப்போகும். சீனா பல பகுதிகளில் இம்மருந்தை உப்பில் கலந்தே மக்களுக்கு வழங்கியது. நம் பக்கத்திலும் காரைக்காலில் 1980-களில் அத்தகைய உப்பு வழங்கப்பட்டது. இலங்கையில் 1947 முதலே தனி இயக்கம் நிறுவி உழைத்தனர். பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து இந்நோய் அங்கே நீங்கியதை 2016-இல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

மாத்திரை உண்டபின் சிலருக்குத் தலைவலி, காய்ச்சல், மயக்க உணர்வு, உடல்வலி தோன்றலாம். பெரும்பாலும் உள்ளே நுண்புழுக்கள் இறப்பதால் வரும் விளைவு அது. ஓரிரு நாளில் தணியும். வெறும் வயிற்றில் உண்ணாதீர்கள். கருவுற்ற பெண்களும், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கடுமையான நோயுற்றோரும் உண்ணலாகாது. ஐவர்மெக்டின் சேர்ந்த தொகுப்பில் வயது வரம்பு வேறாக இருக்கும், வழங்குவோரிடம் கேட்டறியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளோர் எங்களைக் கலந்துகொண்ட பின் உண்பது நல்லது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நன்கு பருத்துவிட்ட காலை எந்த மாத்திரையும் பழைய அளவுக்குக் கொண்டுவருவதில்லை. அக்கட்டத்தில் புழுக்கள் பெரும்பாலும் இறந்தே போயிருக்கும். எஞ்சியிருப்பது அவை விட்டுச்சென்ற சிதைவு. நம் அம்மையாரின் இரத்தத்தில் நுண்புழுவும் இல்லை, புழுவின் அடையாளப் பொருளும் இல்லை. அப்படியானால் ஆண்டுக்கு நான்கைந்து முறை அவரைப் படுக்கையில் தள்ளிய காய்ச்சல் எதனால் வந்தது?

சேற்றுப்புண்ணில் தொடங்கும் காய்ச்சல்

இக்காய்ச்சல் புழுவால் வருகிறது என்றே மருத்துவ உலகமும் நெடுங்காலம் நம்பியது. உண்மையில் பெரும்பாலான தாக்குதல்களுக்குக் காரணம் பாக்டீரியா. நிணநீர் தேங்கிய கால், கிருமியை எதிர்க்கும் வலுவை இழந்த கால். விரலிடுக்கில் ஒரு சேற்றுப்புண், குதிகாலில் ஒரு வெடிப்பு, நகம் வெட்டும்போது பட்ட சிறு கீறல் என ஏதேனும் ஒன்று போதும். கிருமி உள்ளே நுழைந்து பெருகிக் காய்ச்சலை உண்டாக்கும். ஒவ்வொரு தாக்குதலும் எஞ்சியுள்ள நிணநீர் நாளங்களைச் சிதைத்துக் காலை இன்னும் சற்றுப் பருக்கவைத்துவிட்டுப் போகும். ஆகவே தாக்குதலைத் தடுத்தாலே கால் பருப்பதையும் பெருமளவு தடுக்கலாம். அதற்கு வேண்டிய பொருள்கள் சோப்பும் தண்ணீரும் ஒரு பருத்தித் துணியும்தான்.

இதைக் கேட்கும்போது பலர் முகத்தில் ஏமாற்றம் தெரிகிறது. விலையுயர்ந்த ஊசியை எதிர்பார்த்து வந்தவர்களிடம் காலைக் கழுவச் சொல்கிறோமே என்பதால். ஆயினும் கழுவும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது. நாளுக்கு ஒரு முறையேனும், இயன்றால் இரு முறை, சுத்தமான சாதாரணத் தண்ணீரால் நனைத்து, மென்மையான சோப்பை முதலில் கையில் நுரைத்து, முழங்காலிலிருந்து கீழ்நோக்கி மெதுவாகத் தேய்க்கவேண்டும். தோல் மடிப்புகளின் உள்ளும், ஒவ்வொரு விரலிடுக்கும் விடுபடாமல் கழுவவேண்டும். விரல் நுழையாத இடுக்கில் மெல்லிய துணியைச் சுருட்டி நுழைத்துத் துடைக்கலாம். வழியும் நீர் தெளிவாக வரும்வரை நீர் ஊற்றவேண்டும். நார், கல், பிரஷ் ஆகியவை கூடா.

பின்னர் துவட்டுவது. கழுவுவோர் பலர் இதைத்தான் விட்டுவிடுகின்றனர். ஈரத்தோடு விடப்பட்ட விரலிடுக்கு கழுவாத இடுக்கைவிடத் தீமையானது. சேற்றுப்புண் அங்கேதான் வளர்கிறது. தேய்க்காமல், பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுக்கவேண்டும். குனியமுடியாத முதியவருக்குப் பின்விரல் இடுக்குகள் எட்டா. உடனிருப்போரின் கை அங்கே தேவைப்படுகிறது. புண்ணோ வெண்மையான ஊறலோ தெரிந்தால், நாங்கள் எழுதிக்கொடுத்த பூஞ்சை எதிர்ப்புக் களிம்பையோ கிருமிநாசினிக் களிம்பையோ தடவவேண்டும். வெறுங்காலோடு நடத்தல் ஆகாது. காலை இறுக்காத, காற்றோட்டமுள்ள செருப்பு அணியவேண்டும். அமரும்போது காலைத் தொங்கவிடாமல் முக்காலியிலோ தலையணை மேலோ உயர்த்திவைப்பதும், இரவில் கால்மாட்டைச் சற்று உயர்த்திக்கொள்வதும், கணுக்காலை மேலும் கீழும் அசைத்துச் சுழற்றுவதும் தேங்கிய நீரை மேலேற்றும். இதய நோயாளர்கள் மட்டும் காலை உயர்த்திவைக்கும் முன் எங்களைக் கேட்கவும்.

காய்ச்சல் தாக்கும்போது மேற்சொன்ன அசைவுப் பயிற்சிகளை நிறுத்திவிடவேண்டும். காலுக்கு ஓய்வு கொடுத்து, குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சுற்றி, நிறையத் தண்ணீர் பருகி, அன்றே மருத்துவரிடம் வரவேண்டும். வெந்நீர் ஒத்தடம், சூடான எண்ணெய் தடவி நீவுதல், பச்சிலை அரைத்துக் கட்டுதல், பிளேடால் கீறி இரத்தத்தை வெளியேற்றுதல் ஆகிய எல்லாவற்றையும் பார்த்திருக்கிறோம். எல்லாமே நிலைமையை மோசமாக்கின. நினைவு தடுமாறுதல், மூச்சுத்திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை தோன்றினால் விடியும்வரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்கு வரவும்.

வீட்டு நாயின் புழு

இனி மகளின் முதல் கேள்விக்கு வருவோம். நாயைத் தாக்கும் கொசுவழிப் புழுக்கள் இரண்டு. டைரோஃபைலேரியா இமைட்டிஸ் என்பது இதயப்புழு. நாயின் இதயத்தின் வலப்புறத்திலும் நுரையீரல் தமனியிலும் குடியிருந்து, பெண்புழு முப்பது சென்டிமீட்டர்வரை வளரும். நாய் இருமும்; சிறிது ஓடியதும் களைத்துப் படுக்கும்; முற்றினால் வயிற்றில் நீர் கோக்கும். டைரோஃபைலேரியா ரெபென்ஸ் என்பது தோலடிப் புழு. நாய்க்குப் பெரும்பாலும் அரிப்பும் சிறு கட்டிகளும் தவிர வேறு துன்பம் தராது. இந்தியாவில் இதயப்புழு வடகிழக்கு மாநிலங்களிலிருந்து அதிகமாக அறியப்பட்டுள்ளது. கேரளத்திலும் இலங்கையிலும் தோலடிப் புழுவே பேசப்படுவது. இவ்வீட்டு நாயிடம் இருந்ததும் அவ்வகையே.

இப்புழுக்கள் யானைக்கால் நோயை உண்டாக்கா. ஆனால் நாயைக் கடித்த கொசு மனிதரைக் கடித்தால் இளம்புழு எப்போதாவது மனித உடலில் நுழைவதுண்டு. மனித உடல் அதற்கு ஏற்ற இல்லமன்று. பெரும்பாலும் வழிதவறி இறந்துபோகும். சில வேளை ஒற்றைப் புழு தோலடியில் கட்டியாகவோ, கண்ணின் வெண்படலத்துக்கு அடியில் நெளியும் வெள்ளை நூலாகவோ தென்படும். கேரளத்துக் கண் மருத்துவர்கள் இத்தகைய புழுக்களைப் பலமுறை எடுத்திருக்கிறார்கள். இலங்கையில் சிறு குழந்தைகளிடமும் இது காணப்பட்டுள்ளது. கண்ணில் புழு நெளிவதைக் கண்ணாடியில் பார்த்தவரின் அச்சத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் அறுவை மருத்துவர் புழுவை முழுமையாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் நோய் அதோடு முடிந்தது. நீண்டநாள் மருந்து வேண்டியதில்லை. வீட்டில் ஊசியால் குத்தி எடுக்க முயலாதீர்கள். இதயப்புழு வழிதவறி மனித நுரையீரலில் இறந்தால், எக்ஸ்ரேயில் நாணயம்போன்ற வட்ட நிழல் தெரியும். புற்றுநோயோ என்று அஞ்சி அறுவை செய்தபின் புழுவென்று தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

நாயைத் தடவுவதாலோ, அது நக்குவதாலோ இப்புழு வராது. (நாயின் குடற்புழு வேறு, அது மலத்தின் வழியாகக் குழந்தைகளுக்கு வரக்கூடும். ஆகவே குடற்புழு மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் அது இதயப்புழுவையும் தடுத்துவிடும் என்று எண்ணிவிடவும் வேண்டா.) நாய்க்கு மாதந்தோறும் தரும் தடுப்பு மருந்து உண்டு, கால்நடை மருத்துவர் இரத்தத்தைப் பரிசோதித்த பின்னரே அதைத் தொடங்குவார். வீட்டில் மிஞ்சிய டி.இ.சி. மாத்திரையை நாய்க்குக் கொடுத்தால், இரத்தத்தில் இதயப்புழுவின் நுண்புழுக்கள் இருக்கும் நாய் அதிர்ச்சி நிலைக்குள்ளாகி இறக்கக்கூடும். ஐவர்மெக்டினும் அப்படியே; காலி இன நாய்களுக்குச் சற்று மிகுந்த அளவே நஞ்சாகும்.

மனிதரும் விலங்கும் உண்மையாகவே பகிர்ந்துகொள்ளும் யானைக்கால் புழு ஒன்றும் உண்டு. புருகியா மலாயி என்னும் அவ்வகை கேரளத்தின் சேர்த்தலைப் பகுதியில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டு மூச்சுவிடும் மான்சோனியா கொசுப்புழுக்களே அங்கே காரணம். குளங்களிலிருந்து செடிகளை அகற்றுவதே அங்கு கொசு ஒழிப்பு. தென்கிழக்காசியாவின் சில பகுதிகளில் இப்புழு பூனையிடமும் குரங்கிடமும் வாழ்கிறது. இலங்கையில் மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்நோய் மீண்டும் சிலரிடம் தோன்றியபோது, நாய் பூனைகளின் இரத்தத்திலும் புருகியா வகைப் புழுக்கள் காணப்பட்டன.

ஆடுமாடு வளர்ப்போர் இன்னொன்றை அறிந்திருப்பது நல்லது. மாட்டின் வயிற்றறையில் செட்டேரியா என்ற புழு பெரும்பாலும் தீங்கின்றி வாழும். அதன் இளம்புழு கொசுவழியாக ஆட்டின் உடலிலோ குதிரையின் உடலிலோ சென்றால், தண்டுவடத்துக்குள் வழிதவறிப் பின்னங்கால்களை முடக்கிவிடும். நன்றாயிருந்த ஆடு திடீரெனப் பின்காலை இழுத்து நடந்தால், கால்நடை மருத்துவரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள்.

கொசுவைப் பற்றிச் சில சொற்கள்

டெங்குக் கொசு நல்ல நீரில் பிறந்து பகலில் கடிக்கும். கியூலெக்ஸ் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறந்து இரவில் கடிக்கும். தேங்காய்ச் சிரட்டையையும் பழைய டயரையும் அப்புறப்படுத்திவிட்டு, கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக்குழாயைத் திறந்தே விட்டிருக்கும் வீடுகள் ஏராளம். அக்குழாயின் வாயில் ஒரு துண்டு கொசுவலையைக் கட்டுங்கள். தொட்டி மூடியின் விரிசலைச் சிமெண்டால் அடையுங்கள். ஐந்து நிமிட வேலை இது. குழந்தைகளும் முதியோரும் வலைக்குள் உறங்கட்டும். மாலை மயங்கும்முன் சன்னல் வலைகளைச் சாத்திவிடுங்கள்.

அம்மையார் ஆறாம் நாள் வீடு திரும்பினார். போகுமுன் செவிலியர் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் நீரெடுத்து, கழுவும் முறையை மகளைக்கொண்டே இரு முறை செய்யவைத்தார். நான்காம் நிலை யானைக்கால் நோயாளருக்கு அரசு வழங்கும் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவும் வழி சொல்லப்பட்டது. தகுதியுடையோர் அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். நான்கு மாதங்களுக்குப் பின் மறுபரிசோதனைக்கு வந்தபோது, இடையில் ஒரு முறைதான் காய்ச்சல் வந்தது என்றார். அதுவும் திருமணத்துக்குப் போன ஊரில் இரண்டு நாள் கழுவ இயலாமற் போனபின். கால் சிறிதே வடிந்திருந்தது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் கட்டியிருந்தார். பேத்தி அவர் மடியில் அமர்ந்து, காலில் இருந்த களிம்பைத் தன் விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிடுங்கள் என்று மட்டும் சொன்னோம். களிம்பு வாயில் போகக்கூடாது என்பதற்காக.